வவுச்சர் இல்லாத வரலாறு

பத்தாம் வகுப்பு முடித்து நாலைந்து வருடம் ஆன யாரிடமாவது "சுதேசிக் கப்பல் கம்பெனி எதனால் மூடப்பட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். "கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் வ.உ.சி." என்று பட்டங்கள் ஒரே மூச்சில் வந்து விழும். அதற்கப்புறம் மௌனம். கம்பெனியின் மூலதனம் எவ்வளவு, பங்கு வாங்கியவர்கள் யார், போட்டிக் கம்பெனி என்ன செய்தது, எந்த வருடம் கதை முடிந்தது, எதுவும் வராது. இத்தனைக்கும் அந்தப் பாடத்தில் அவர் நல்ல மார்க் வாங்கியிருப்பார்!

இது அவருடைய குற்றமில்லை. அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகள் அப்படி. "கப்பலோட்டிய தமிழன் யார்?" என்பது ஒரு மார்க். "வ.உ.சி. குறிப்பு வரைக" என்பது இரண்டு மார்க். இரண்டுக்கும் பதில் புத்தகத்தில் அடிக்கோடு போட்டே இருக்கிறது. மனப்பாடம் செய்து, எழுதி, மறந்தாயிற்று.

இதில் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுப்பவருக்கு வரலாறு பத்தோடு முடிந்துபோகிறது. வணிகவியல் பிரிவிலும் வரலாற்றுக்குப் பதில் கணினிப் பயன்பாடோ வணிகக் கணிதமோ எடுத்தால் அதே கதைதான். ஆக, ஒன்பதும் பத்தும்தான் பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையின் கடைசி வரலாற்று வகுப்பு. அதன்பிறகு அவர்கள் கடந்த காலத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது சினிமாவிலும், மேடைப் பேச்சிலும், செல்போனில் வந்து விழும் செய்திகளிலும்தான். அந்தக் கடைசி இரண்டு வருடம் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் கேள்வி.

கணக்கும் வரலாறும்

கணக்குப்பதிவியல் படிக்கிற எவருக்கும் முதல் நாளே சொல்லித்தரப்படும் விஷயம் ஒன்று. ரசீது, பில், வவுச்சர் என்று ஏதாவது ஓர் ஆதாரம் இல்லாமல் குறிப்பேட்டில் ஒரு வரிகூட ஏறக்கூடாது. அங்கிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து இருப்பாய்வு, கடைசியில்தான் இருப்புநிலைக் குறிப்பு. தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பதும் "வவுச்சர் எங்கே?" என்றுதான்.

பள்ளியில் வரலாறு இதற்கு நேர் தலைகீழாகப் போகிறது. மாணவர் கையில் நேரடியாக இருப்புநிலைக் குறிப்பைக் கொடுத்துவிட்டு "இதை மனப்பாடம் செய்" என்கிறார்கள். இந்தத் தொகை எங்கிருந்து வந்தது, யார் எழுதினார், அவர் சொல்வதை நம்பலாமா என்ற கேள்விகளுக்கு இடமே இல்லை. இலக்கிய வகுப்பும் இதே ரகம்தான். செய்யுளைப் படிப்பதற்கு முன்பே நூற்குறிப்பு, ஆசிரியர் குறிப்பு, சொல்லும் பொருளும், இலக்கணக் குறிப்பு எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. கைடில் பொழிப்புரை தயாராக இருக்கிறது. கவிஞர் என்ன சொன்னார் என்று மாணவர் தேட வேண்டிய வேலையே இல்லை. தேட வேலை இல்லாத இடத்தில் தூக்கம்தான் வரும்.

வேடிக்கை வேறு, ஆர்வம் வேறு

"பாடத்தைச் சுவாரஸ்யமாக்க வேண்டும்" என்று சொன்னவுடன் பல பள்ளிகள் செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று, ஸ்மார்ட் போர்டு வாங்கி வீடியோ போடுவது. இரண்டு, ஆண்டு விழா மாதிரி கிரீடம், அட்டைக் கத்தி எல்லாம் கொடுத்து நாடகம் போடுவது. பையன்கள் சிரிப்பார்கள், கை தட்டுவார்கள், அந்த ஒரு பீரியட் ஓடிவிடும். அடுத்த நாள் கேட்டால், கட்டபொம்மனாக நடித்தவனின் மீசை கழன்று விழுந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

வீடியோவோ நாடகமோ தப்பில்லை. ஆனால் மாணவர் அங்கேயும் பார்வையாளர்தான். ஆர்வம் என்பது ஒரு கேள்விக்கு விடை தெரியாமல், ஆனால் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு இருக்கும் நிலை. கிரிக்கெட் மேட்ச்சின் கடைசி ஓவரை யாரும் தூங்கிக்கொண்டு பார்ப்பதில்லை. காரணம், முடிவு இன்னும் தெரியாது. வரலாற்றுப் பாடத்தில் முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் பிரச்சினை.

25 ரூபாய் பங்கு

மறுபடியும் வ.உ.சி.க்கே வருவோம். அதே பாடத்தை வேறு மாதிரி நடத்திப் பார்க்கலாம்.

ஆசிரியர் உள்ளே வந்தவுடன் புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை. கரும்பலகையில் நாலு வரி மட்டும் எழுதுகிறார். "ஆண்டு 1906. தூத்துக்குடியில் ஒரு புதுக் கப்பல் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 40,000 பங்குகள், ஒரு பங்கு 25 ரூபாய்." பிறகு ஒரு கேள்வி: "உன்னிடம் 25 ரூபாய் இருக்கிறது. பங்கு வாங்குவாயா?"

வகுப்பு உடனே இரண்டாகப் பிரியும். "1906-ல் 25 ரூபாய்க்கு என்ன வாங்கலாம் சார்?" என்று ஒருத்தன் கேட்பான். "லாபம் வருமா?" என்று இன்னொருத்தன். இந்தக் கேள்விகளை எந்தக் கைடும் கேட்டுக் கொடுக்காது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஏற்கெனவே கப்பல் விட்டுக்கொண்டிருந்தது என்ற தகவலை இப்போது கொடுக்க வேண்டும். பாதிப் பேர் பின்வாங்குவார்கள்.

அடுத்த கட்டம். புதுக் கம்பெனி 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களை வாங்குகிறது. பழைய கம்பெனி பயணக் கட்டணத்தைக் குறைக்கிறது. ஒரு ரூபாய்க்குக் கொண்டுவந்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். இப்போது கேள்வி: "நீ கொழும்புக்கு வேலைக்குப் போகும் ஏழைத் தொழிலாளி. எட்டணா கொடுத்து சுதேசிக் கப்பலில் போவாயா, இலவசக் கப்பலில் குடையோடு போவாயா?" இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லும் பையன் சுதேசி இயக்கத்தின் கஷ்டத்தைப் புரிந்துகொண்டுவிட்டான். தேசபக்திக்கு ஒரு விலை இருந்தது, அதை யார் கொடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியாக இரண்டு தேதிகள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது. 1911-ல் கம்பெனி கலைப்பு. நடுவில் மூன்று வருடம். கம்பெனி விழுந்தது கட்டணப் போட்டியாலா, தலைவர் சிறைக்குப் போனதாலா, பங்குதாரர்கள் பயந்ததாலா? மூன்றும் சேர்ந்தா? எது முதல் காரணம்? வகுப்பு வாதாடட்டும். அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறக்கச் சொன்னால், ஒவ்வொருவரும் தன் வாதத்துக்கு ஆதாரம் தேடிப் படிப்பார்கள். புத்தகம் அதேதான். படிக்கிற கண் மாறிவிட்டது.

அதே வாரம், தமிழ் பீரியட்

வரலாற்று ஆசிரியரும் தமிழாசிரியரும் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பாடங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. சுதேசிக் கப்பல் கம்பெனியின் தலைவராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே பாண்டித்துரைத் தேவர்தான். கப்பலும் தமிழும் ஒரே மேஜையில் இருந்தவை. பள்ளிக்கூட அட்டவணைதான் அவற்றைப் பிரித்து வைத்தது.

பாரதியார் இந்த விவகாரத்தைப் பற்றி இரண்டு பாட்டுகள் எழுதியிருக்கிறார். ஒன்றில் கலெக்டர் விஞ்சு பேசுகிறார், இன்னொன்றில் சிதம்பரம் பிள்ளை பதில் சொல்கிறார். இரண்டு மாணவர்களை எழுப்பி ஆளுக்கொன்றாகப் படிக்கச் சொன்னால் போதும், கிரீடமும் தேவையில்லை, மீசையும் தேவையில்லை. படித்து முடித்ததும் ஒரே கேள்வி: "கலெக்டர் நிஜமாகவே இப்படிப் பேசியிருப்பாரா?"

இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படியானால் பாரதி ஏன் அப்படி எழுதினார்? எதிராளியின் வாயில் வார்த்தைகளை வைத்து எழுதுவதால் என்ன கிடைக்கிறது? 1908-ல் இதைப் படித்தவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? அந்த வருடமே பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டாரே, ஏன்? இப்படிக் கேட்டுக்கொண்டே போகும்போது, கவிதை எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி இல்லை என்ற பெரிய பாடம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். நடந்தது என்ன என்பதற்குக் கவிதையை மட்டும் நம்ப முடியாது. நடந்தது மனிதர்களை என்ன செய்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கண்ணகி வழக்கு

இலக்கிய வகுப்புக்கு இன்னொரு உதாரணம், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. கதை எல்லோருக்கும் தெரியும். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைந்தது, உண்மை வெளிவந்தது. "இந்தப் பகுதியின் கருத்தை எழுதுக" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள்.

அதற்குப் பதிலாக வகுப்பை நீதிமன்றம் ஆக்கலாம். கோவலனைக் கொல்ல உத்தரவு போடும் முன் அரசன் என்னென்ன செய்திருக்க வேண்டும் என்று பட்டியல் போடச் சொல்லலாம். பொற்கொல்லனை யாராவது குறுக்கு விசாரணை செய்தார்களா? கோவலன் பேச அனுமதிக்கப்பட்டானா? இதற்கெல்லாம் பதில் வேண்டுமென்றால் செய்யுளுக்குள் போய்த் தேடித்தான் ஆக வேண்டும். சொற்பொருள் அப்போது தேவைப்படுகிறது. தேவைப்பட்டதால் தேடிய சொல் மறக்காது.

கடைசிக் கேள்வி கொஞ்சம் கஷ்டமானது. தவறு செய்தது அரசன். அவன் அங்கேயே உயிரை விட்டுவிட்டான். பிறகு மதுரை ஏன் எரிய வேண்டும்? குழந்தைகளையும் முதியவர்களையும் தீ தொடக்கூடாது என்று கண்ணகி விலக்கு கொடுத்ததாக இளங்கோவடிகள் சொல்கிறார். மற்றவர்கள் செய்த குற்றம் என்ன? இதற்குச் சரியான விடை என்று எந்தக் கைடிலும் ஒன்று இல்லை. பதினைந்து வயதில் ஒரு தடவையாவது இப்படிப்பட்ட கேள்வியோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

குடத்துக்குள் போகாத பெயர்கள்

உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறை, முதலாம் பராந்தகன். இதுவும் ஒரு நிரந்தரப் பரீட்சைக் கேள்வி. "சோழர் கால மக்களாட்சி" என்று எழுதினால் மார்க் உறுதி.

ஆனால் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் அந்த விதிகளையே மாணவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? 919-ஆம் ஆண்டு விதியில் உறுப்பினர் வயது 30 முதல் 60. இரண்டே வருடம் கழித்து, 921-ல், 35 முதல் 70. ஏன் மாற்றினார்கள்? இடையில் என்ன தகராறு நடந்திருக்கும்? வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினர்களுக்கும் இடமில்லை! இந்த ஒரு விதியைப் படித்ததும் எந்த வகுப்பும் நிமிர்ந்து உட்காரும்.

பிறகு 30 குடும்புகளிலும் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்கிறார்கள். அப்படியென்றால் இது தேர்தலா, குலுக்கலா? பெண்கள் பெயர் குடத்தில் இருந்ததா? நிலமில்லாதவர் பெயர்? வேதம் படிக்க அனுமதி இல்லாதவர் பெயர்? "மக்களாட்சி" என்ற வார்த்தையை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று மாணவர்களே முடிவு செய்யட்டும். அந்தக் காலத்து நிர்வாக ஒழுங்கைப் பார்த்து வியப்பதும், வெளியே நிறுத்தப்பட்டவர்களை எண்ணிப் பார்ப்பதும் ஒரே மண்டைக்குள் நடக்க முடியும். பெருமைப்படு அல்லது திட்டு என்று இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மேடைப் பேச்சாளர்களின் கட்டாயம், மாணவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இதற்கெல்லாம் நேரம் ஏது?

இதைப் படிக்கும் எந்த ஆசிரியரும் கேட்கக்கூடிய கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. பத்தாம் வகுப்பில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் சேர்த்து 100 மார்க்குக்கு ஒரே தாள். போர்ஷன் முடிக்க வேண்டும், ரிவிஷன் வைக்க வேண்டும், தேர்ச்சி விகிதம் காட்ட வேண்டும்.

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த வேண்டியதில்லை. பருவத்துக்கு மூன்று நான்கு பாடங்கள் போதும். ஒரு பீரியடில் 5 நிமிடம் கேள்வியை முன்வைக்க, 15 நிமிடம் குழுவாக ஆதாரத்தைப் படிக்க, 15 நிமிடம் விவாதிக்க, கடைசி 5 நிமிடம் ஆளுக்கு நாலு வரி எழுத. நாலு பேருக்கு ஒரு தாள் என்றால் 40 பேர் வகுப்புக்கு 10 ஜெராக்ஸ். ஸ்மார்ட் போர்டு விலைக்கு எத்தனை வருடத்துக்கு ஜெராக்ஸ் எடுக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டால் நன்றாக இருக்கும்.

"மார்க் குறைந்துவிடுமே?" என்பது அடுத்த பயம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் ஐந்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆறு மாதம் இந்த மாதிரி, மூல ஆவணங்களை வைத்து, ஒரு மையக் கேள்வியைச் சுற்றி வரலாறு நடத்திப் பார்த்தார்கள். அவிஷாக் ரெய்ஸ்மன் என்ற ஆய்வாளர் 2012-ல் வெளியிட்ட முடிவு இது: அந்த மாணவர்கள் வரலாற்றுச் சிந்தனையில் மட்டுமல்ல, தகவல்களை நினைவில் வைப்பதிலும், படித்துப் புரிந்துகொள்வதிலும் வழக்கமான வகுப்பு மாணவர்களைவிட முன்னால் நின்றார்கள். அங்குள்ள வகுப்பறை வேறு, இங்குள்ளது வேறு என்பது உண்மைதான். ஆனாலும் "யோசித்தால் மார்க் போய்விடும்" என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல இது போதும்.

ஆதாரங்களுக்கு எங்கே போவது? 1736-லிருந்து 1761 வரை புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழிலேயே நாட்குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த வியாபாரி அவர். கர்நாடகப் போர்களின் தேதிப் பட்டியலுக்குப் பக்கத்தில் அதிலிருந்து ஒரு பக்கத்தை வைத்தால் போதும். ஊர்க் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. வீட்டுப் பரணில் பழைய பத்திரம் கிடக்கிறது. அதில் விலை, அளவு, நான்கு எல்லை எல்லாம் இருக்கும். ஆனால் பழைய பத்திரங்களில் சாதிப் பெயரும் இருக்கும். வகுப்பில் அதைக் கொண்டுவரச் சொல்லும் ஆசிரியர் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். பத்திரம் எழுதும் அளவுக்கு எதுவும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நடிப்புக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அரசனையும் கலெக்டரையும் யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். தீண்டாமையையோ பஞ்சத்தையோ ஒரு பிள்ளையை நடிக்க வைத்து மற்றவர்கள் பார்ப்பது பாடமல்ல. அங்கே ஆவணத்தைப் படித்து அமைதியாக எழுதினாலே போதும்.

ஒரே ஒரு மாற்றம்

கடைசியில் எல்லாம் வினாத்தாளில்தான் போய் முட்டும். கணக்குப்பதிவியல் பரீட்சையில் புத்தகத்தில் இருக்கும் அதே இறுதிக் கணக்கு அப்படியே வந்தால் எல்லோரும் விடையை நெட்டுரு போட்டுவிடுவார்கள். தொகையை மாற்றிக் கொடுப்பதால்தான் முறை தெரிந்தவர் மட்டும் போட முடிகிறது. கைடில் இருக்கும் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போகும் வணிகவியல் மாணவரைப் பார்த்து நண்பர்களே சிரிப்பார்கள்.

வரலாற்றுத் தாளிலும் தமிழ்த் தாளிலும் 10 மார்க்குக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். இதுவரை பார்க்காத ஒரு கல்வெட்டு வரி, ஒரு கடிதத் துண்டு, ஒரு கவிதை. "இதை யார், யாருக்காக எழுதியிருப்பார்? இதை வைத்து எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது?" அந்த 10 மார்க்குக்காக வருடம் முழுக்க வகுப்பு நடத்தும் விதமே மாறும். வினாத்தாள் மாறாமல் ஆசிரியரை மட்டும் குறை சொல்வது, சம்பளத்தை ஏற்றாமல் உற்சாகமாக வேலை செய் என்பது மாதிரி.

பத்தாம் வகுப்போடு வரலாற்றை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளில் சிலர் டாக்டர் ஆவார்கள், சிலர் கடை வைப்பார்கள், எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். ஒருநாள் யாரோ ஒருவர் "உன் தாத்தா காலத்தில் அவர்கள் நம்மை இப்படிச் செய்தார்கள்" என்று ஒரு செய்தியை அனுப்புவார். அன்றைக்கு பராந்தகன் ஆண்ட வருடம் ஞாபகம் இருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "வவுச்சர் எங்கே?" என்று கேட்கத் தோன்றினால் போதும். அதைச் சொல்லித்தர பள்ளிக்கூடத்துக்கு இருப்பது இரண்டே வருடம்.